வாங்கிய எண்ணும் உட்கார்ந்த எண்ணும்

மகளே,

உன் கடிதம் திங்கட்கிழமை காலைத் தபாலில் வந்தது. ஆறு பக்கம், இரண்டு புறமும் எழுத்து, மூன்று இடத்தில் கட்டம் கட்டமாகப் படம். இன்று வியாழன். இதுவரை நாலு தடவை படித்துவிட்டேன். ஒரு விஷயத்தை மூன்று வரியில் சொல்ல வரவில்லையென்றால் அது நமக்கு இன்னும் புரியவில்லை என்றுதான் அர்த்தம். இதை நான் எத்தனையோ இளம் நிருபர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உன் விஷயம் எனக்கு மூன்று வரியில் வரவில்லை. முப்பது வரியிலும் வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் புரிந்த அளவை இங்கே எழுதிப் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் பக்கத்தில் கோடு போட்டு அனுப்பு.

கம்ப்யூட்டரின் மெமரி என்பது எண் போட்ட அறைகளின் மிக நீண்ட வரிசை. தோட்டத்து லயம் மாதிரி, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பரா, இதிலோ லட்சக்கணக்கில். புரோகிராம் தனக்கு இவ்வளவு அறை வேண்டும் என்று கேட்கிறது. அறைகளைப் பங்கிட்டுத் தரும் பகுதி ஒன்று இருக்கிறது; அது காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்து முதல் அறையின் எண்ணைத் தருகிறது. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் டிஸ்க்கிலிருந்து தகவலைக் கொண்டுவந்து இறக்கும் கருவிக்கு ஒரு பிடிவாதம். ஐந்நூற்றுப் பன்னிரண்டால் மீதியில்லாமல் வகுபடும் எண்ணுள்ள அறையிலிருந்துதான் அது இறக்கத் தொடங்கும். பங்கிடுபவருக்கு அந்தப் பிடிவாதம் தெரியாது. ஆயிரமாவது அறையிலிருந்து எடுத்துக்கொள் என்கிறார். ஆயிரம் வகுபடாது. அதனால் நீ என்ன செய்கிறாய் என்றால், தேவைக்கு மேல் ஐந்நூற்றுப் பதினொரு அறையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாய். பிறகு ஆயிரத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போய், வகுபடும் முதல் எண்ணான ஆயிரத்து இருபத்து நாலில் உட்காருகிறாய். நடுவில் விட்ட இருபத்து நாலு அறை சும்மா கிடக்கும்.

இந்த இடம் வரை வருவதற்கே எனக்கு இரண்டு நாள் ஆனது. எல்லாருக்கும் முதலிலேயே வகுபடும் எண்ணையே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. உன் மூன்றாம் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. சின்னச் சின்னத் தேவைகளுக்கெல்லாம் அப்படிக் கொடுத்தால் அறைகள் வீணாகும் என்கிறாய். சரி. அடுத்தது நீ செய்த தவறு. வேலை முடிந்ததும் அறைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது வாங்கிய எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், உட்கார்ந்த எண்ணைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் பங்கிடுபவர், எத்தனை அறை கொடுத்தோம் என்ற குறிப்பைத் தான் கொடுத்த முதல் அறைக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார். நீ வாங்கிய எண்ணை எங்கேயும் எழுதி வைக்காமல், ஆயிரத்து இருபத்து நாலு என்று சொல்லிக் கொடுத்துவிட்டாய். அவர் அதற்கு முன்னால் பார்க்கிறார். அங்கே கிடப்பது வெறும் குப்பை. அதையே தன் குறிப்பு என்று நம்பி மற்ற அறைகளையும் தாறுமாறாகப் பங்கிடுகிறார்.

எனக்குப் பிடிபடாதது இதற்குப் பிறகுதான். தவறு நடந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை. உன் பகுதி ஒழுங்காக ஓடுகிறது. ரொம்ப நேரம் கழித்து, அதே புரோகிராமுக்குள் இருக்கும் இன்னொருவருடைய பகுதி இடிந்து விழுகிறது. ஒரு வீட்டில் அஸ்திவாரத்தைத் தோண்டினால் அந்த வீடுதானே சரிய வேண்டும்? மறுபடி படித்தேன். நீ ஆரம்பத்தில் சோதித்தபோதெல்லாம் தற்செயலாக வகுபடும் எண்ணே கிடைத்து வந்தது. வாங்கிய எண்ணும் உட்கார்ந்த எண்ணும் ஒன்றாகவே இருந்ததால் தவறு தெரியவில்லை. பிறகு சேகர் என்று ஒருவர் பட்டியல் அச்சிடும் பகுதியை எழுதிச் சேர்த்தார். அவருடைய பகுதி உனக்கு முன்னால் போய்க் கொஞ்சம் அறைகளைக் கேட்டு வாங்கியது. அதனால் உனக்கு வரும் எண் மாறியது. அன்றிலிருந்து புரோகிராம் விழத் தொடங்கியது. சேகர் வந்த பிறகு விழுகிறது, விழுவதும் சேகரின் பகுதியில். ஆகவே தவறு சேகருடையது என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

உன் கடிதத்தில் ஐந்தரைப் பக்கம் மெமரி. கடைசி அரைப் பக்கத்தில்தான், சேகருக்கு ஆறு மாதத் தற்காலிக வேலைத் தவணை இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது என்றும், அதற்கு மேல் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். நீ தவறைக் கண்டுபிடித்துவிட்டாய். ஒருவருக்கும் சொல்லாமல் சரிசெய்தும்விட்டாய். அதற்குக் கீழே, 'அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?'

இதை உன் அம்மாவுக்கு விளக்கப் பார்த்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆயிரத்து இருபத்து நாலு வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு வேல போவப்போவுதா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

"போவும் போலத்தான் இருக்கு."

"இவ செஞ்ச தப்புக்கா?"

"அது அவ்ளோ லேசா சொல்ல முடியாது. அதாவது, வாங்கின எண்ணு ஒன்னு..."

"எனக்கு எண்ணெல்லாம் வேணாம். அவரு வீட்டுல எத்தன பேருன்னு எழுதியிருக்காளா?"

எழுதவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. உன் அம்மா துருவலை வழித்துப் போட்டுவிட்டு, "அப்பனுக்கும் மகளுக்கும் எழுத மட்டும் நல்லா வருது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அதனால்தான் புதன்கிழமை தபாற்கந்தோருக்குப் போய் உன் அலுவலகத்துக்குப் போன் கால் எடுத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் பசறையிலிருந்து வந்த ஒரு குடும்பமே நின்றது. லைன் கிடைத்ததும் நீ பயந்துபோய், "அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு?" என்று கத்தினாய்.

"அம்மாவுக்கு ஒன்னுமில்ல. ஒன் கடுதாசி வந்துச்சு."

"புரிஞ்சுதாப்பா?"

"ஆயிரத்து இருபத்து நாலு வரைக்கும் வந்துட்டேன்." நீ சிரித்தாய். "சேகர் இன்னும் வேலையில இருக்காரா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"வெள்ளிக்கெழம வரைக்கும்."

"ஒன் மேனேஜருக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாதுப்பா. நான் சரி பண்ணிட்டேன். இப்ப விழுறதே இல்ல. இனிமே யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க." பிறகு, "நான் என்னப்பா பண்ணட்டும்?" என்று கேட்டாய்.

அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். "அதுல ஒரு சந்தேகம்மா. அந்த நடுவுல விட்ட இருபத்து நாலு அற இருக்குல்ல, அது என்ன ஆவுது?" என்றேன். "அது சும்மா கெடக்கும்ப்பா" என்றாய். மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்தது. பின்னால் நின்ற பெரியவர், "முடிஞ்சுதுங்களா ஐயா?" என்று கேட்டார்.

நீ கேட்டது தெளிவான கேள்வி. கேள்வி புரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாமல்தான் அறைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அதற்கான காரணத்தை உன் அம்மாவுக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

நீ அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கவில்லை. இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். எந்தக் குடும்பம் எந்தத் தேதியில் பதுளையில் ரயில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும் என்று பட்டியல் வரும். தபாலிலும் அறிவிப்பு அனுப்புவார்கள்தான். ஆனால் மடுல்சீமைப் பக்கம் மழைக்கு மண் சரிந்தால் பஸ் போகாது, தபாலும் போகாது. அதனால் சனங்கள் பத்திரிகையைத்தான் நம்பினார்கள். பட்டியல் வந்த பத்திரிகையைப் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் தங்கள் தேதியைக் கேட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவார்கள். மண் சரிந்தாலும் பத்திரிகை எப்படிப் போகும் என்று கேட்பாய். சரிந்த இடம் வரை பஸ்ஸில் போகும். அதற்கு மேல் யாராவது நடந்து கொண்டுபோவார்கள். ஒரு பத்திரிகைக்காக நடப்பார்கள்.

பட்டியலை அரசாங்க அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். நான் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. பரீட்சை முடிவுகளை எழுதி எழுதி வந்தது. முதலில் எல்லாப் பெயர்களையும் மேலிருந்து கீழாக எழுதிவிடுவேன். பிறகு எல்லாத் தேதிகளையும் பக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதுவேன். ஒவ்வொரு வரியாக எழுதுவதைவிட இது வேகம். அன்று மடுல்சீமைப் பக்கத்துப் பட்டியலில் பதினைந்து பெயர். நாலாவது பெயரும் ஐந்தாவது பெயரும் அண்ணன் தம்பி. இருவரும் சேர்ந்து போகட்டும் என்று இருவருக்கும் ஒரே தேதி போட்டிருந்தார்கள். தேதிகளை எழுதும்போது அந்தத் தேதியை ஒரு தடவை எழுதினேன். இரண்டாம் தடவை அது கண்ணில் பட்டபோது, இதை ஏற்கெனவே எழுதிவிட்டோமே என்று தாண்டிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு எல்லாத் தேதியும் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டது. கடைசியில் பதினைந்தாவது பெயருக்குத் தேதி இல்லை. அப்போதாவது நின்று எண்ணியிருக்கலாம். இன்னும் முடிவாகவில்லை போலும் என்று நானே ஊகித்து, 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, ரயில் ஏறுகிறவர்களைப் பற்றி எழுதலாம் என்று பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். தகரப் பெட்டியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் கருப்பையா, பட்டியலில் ஐந்தாவது பெயர்.

"ஐயா, நீங்கதான பேப்பர்ல போடுறவரு?"

"ஆமாங்க."

மடித்து வைத்திருந்த பத்திரிகையை விரித்துக் காட்டினார். "இதுல இன்னைக்குத் தேதிதான போட்டிருக்கு? ஸ்டேஷன்ல கேட்டா, ஒங்க செட்டு போன கெழமையே போயிருச்சுன்றாங்க. எங்க அண்ணன் போன கெழமையே போயிட்டாருங்க. ஒனக்கு அடுத்த கெழமன்னு பேப்பர்ல இருக்கு, நான் முன்னால போயி நிக்கிறேன்டான்னு சொல்லிட்டுப் போனாரு."

"தோட்டத்துக்குத் திரும்பிப் போக முடியாதா?"

"பேரு வெட்டியாச்சுங்க. காம்பராவுல வேற ஆளு வந்து அடுப்பே பத்தவச்சாச்சு. எங்க போறது?"

பெட்டி மேலிருந்த பெண் என்னைப் பார்க்காமலே, "கணக்கப்புள்ள வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நம்பாதன்னு நான் அப்பவே சொன்னேன். பேப்பர் பொய் சொல்லாதுன்னாரு இவரு. இப்ப பேப்பரு வந்து சோறாக்கிப் போடட்டும்" என்றாள்.

நான் கருப்பையாவிடம், "அச்சுல பிழ விட்டுட்டாங்க போல இருக்கு" என்றேன்.

அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்து விரல் வைத்து எண்ணினேன். பதினைந்து பெயர், பதினான்கு தேதி. அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் பொய். ஆசிரியர் கடிதம் எழுதிக் கேட்டார்: உமது பிரதியில் பட்டியல் எப்படி இருந்தது? சரியாக இருந்தது என்று பதில் எழுதினேன். நான் அனுப்பிய பிரதி அப்போது அங்கே இருக்கவில்லை. அச்சுக் கோத்து முடிந்ததும் கம்பியில் குத்தி வைப்பார்கள், வாரம் முடிந்ததும் எரித்துவிடுவார்கள். பட்டியலைக் கோத்தவர் செல்லத்துரை. என் கோழிக் கிறுக்கலை ஒன்பது வருடமாக ஒரு சொல் பிசகாமல் படித்துக் கோத்தவர். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் எனக்கு ஒரு அஞ்சலட்டை போட்டார். 'உங்கள் பிரதியில் உள்ளபடியேதான் கோத்தேன் என்று நினைவு. ஒருவேளை நான்தான் தவறியிருப்பேன்' என்று எழுதியிருந்தார். அதற்கு நான் பதில் போடவில்லை.

கருப்பையாவின் குடும்பம் பசறையில் தூரத்து உறவு ஒன்றின் காம்பராவில் நாலு மாதம் ஒண்டியிருந்துவிட்டுப் போனது. அண்ணனை எந்த ஊரில் குடியேற்றினார்கள், இவர்களை எங்கே அனுப்பினார்கள், சந்தித்துக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. கேள்வி கேட்பதே தொழிலான நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. பட்டியலில் அவருக்குக் கீழே இருந்த பத்துக் குடும்பங்களைப் பற்றியும் கேட்கவில்லை.

உன் தவறும் என் தவறும் ஒன்றுதானா என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். ஒன்று போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது. நீ தேடிக் கண்டுபிடித்தாய். எனக்கு ஒருவர் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. உன் புரோகிராமைத் திருத்த முடிந்தது. போன ரயிலைத் திருத்த முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை என் அனுபவத்தில் சொல்ல முடியும். தவறு சிக்கலானதாக இருந்தால் அதற்குள் ஒளிந்துகொள்வது சுலபம். பலகையில் வெளிச்சம் இல்லை, கூட்டம் இடித்தது, ஒரே தேதி இரண்டு தடவை வந்தது என்று எனக்கு நானே இத்தனை வருடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் ஒவ்வொன்றும் உண்மை. எதுவும் செல்லத்துரைக்கு உதவவில்லை. உன் ஐந்தரைப் பக்கமும் உண்மைதான், தங்கமே. ஒரு எண்கூடப் பிசகியிருக்காது என்று நம்புகிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடைத்தெரு எரிந்த பிறகு, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று உன்னை அனுப்பிவைத்தவன் நான். உனக்கு அந்த வேலை கிடைத்த அன்று உன் அம்மா கோயிலுக்குப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் சொன்னேன். இப்போது போய் அந்த வேலையைப் பணயம் வை என்று எப்படிச் சொல்வது? சொல்லாதே என்று எப்படிச் சொல்வது? கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான். இதில் நான் எதை எழுதினாலும் உனக்கு உதவாது. அது தெரிந்தபிறகுதான் என்னால் இவ்வளவு எழுத முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

வியாழக்கிழமை இங்கே நிறுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு வரி ஓடவில்லை. இன்று சனி. பத்தரை மணிக்குத் தந்தி வந்தது. தந்திக்காரர் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் உன் அம்மா கை கழுவாமலே வாசலுக்கு ஓடினாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: 'சொல்லிவிட்டேன். சேகர் இருக்கிறார். என்னைப் போகச் சொன்னார்கள். விவரம் கடிதத்தில்.'

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றாள்.

"தெரியல."

"ஊரெல்லாம் போயிக் கேள்வி கேக்குறீங்க. இதுக்குப் பதில் தெரியலையா?"

"ஒனக்குத் தெரியுதா?"

தந்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. "அவ சாப்புட்டாளோ என்னமோ" என்று சொல்லிவிட்டுத் தந்தியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நல்ல சேதிகளையும் அங்கேதான் வைப்பாள், மின்சாரக் கட்டணச் சீட்டையும் அங்கேதான் வைப்பாள். அதனால் என்ன முடிவுக்கு வந்தாள் என்று சொல்ல முடியாது.

நான் மறுபடி இந்த மேசைக்கு வந்து இதுவரை எழுதியதைப் படித்தேன். நீ எனக்காகக் காத்திருக்கவில்லை. போனில் நான் அறைகளைப் பற்றிக் கேட்ட பிறகு, இவரிடம் பதில் இல்லை என்று தெரிந்துகொண்டிருப்பாய். இனி இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பினால், அது மகளிடம் மட்டும் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். செல்லத்துரை வேறு ஒரு சின்ன அச்சகத்தில் இருந்ததாக ஒரு காலத்தில் கேள்வி. இப்போது எங்கே என்று தெரியாது. இருக்கும் இடம் தெரியாத ஒருவருக்குச் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரியும், பத்திரிகை. ஆகவே உன் பெயர், நீ இருக்கும் ஊர், அலுவலகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சேகருக்கு இந்தப் பொய்ப் பெயரையும் வைத்துப் படி எடுத்து, இதை அப்படியே ஆசிரியருக்கு அனுப்புகிறேன். செல்லத்துரை என்பது உண்மைப் பெயர். உனக்கும் ஒரு படி தனியாக வரும். உன்னைக் கேட்காமல் செய்கிறேன் என்பது தெரியும். அதற்கு நீ கோபப்பட்டால் அதுவும் நியாயம்தான்.

ஆசிரியர் இதைப் போடுவாரா என்று தெரியாது. போட்ட பிறகு எனக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியாது. செல்லத்துரை உயிரோடு இருந்து, படித்து, என்ன நினைப்பார் என்றும் தெரியாது. இப்படி ஒன்றும் தெரியாமல்தான் நேற்று நீயும் அந்த மேனேஜரின் கதவைத் தட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அப்பா